உட்கார்ந்து வந்தவர்



விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திய வழக்கறிஞனான என்னை ஒரு நெசவாளரின் பெயரில் அமைந்த அறக்கட்டளைக்குப் பேச அழைத்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டேன். காரில் பயணியாக உட்கார்ந்து வந்து அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவது என்பது அந்தப் பொருள். தறிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஆரணியில் கூலி நெசவு நெய்கிறவர் அவசரத்துக்குப் பணம் வாங்கும் இடம் பெரும்பாலும் பாவு கொடுக்கிற முதலாளிதான். அந்த முன்பணம் அடைகிற வரை அவர் வேறு முதலாளியிடம் போக முடியாது, கூலியை உயர்த்திக் கேட்கவும் வாய் வராது. ஒரு தொடை எலும்பு முறிவுக்கான பில், நம் ஊரில் பல ஆண்டுக் கூலியை ஒரே முதலாளியிடம் கட்டிப் போட்டுவிடும். பார்பரா ஹாரிஸ்-வைட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் 1970களிலிருந்து ஆரணியைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தவர். சிறு நகரப் பொருளாதாரம் எப்படி ஓடுகிறது என்பதை நம் ஊரை வைத்து உலகுக்குக் காட்டினார். கடனும் வாய்மொழி ஏற்பாடும் இந்த ஊரின் தொழிலை எவ்வளவு தாங்குகின்றன என்பது இங்கே வாழ்கிற நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விபத்து அந்தக் கடன் கணக்கில்தான் வந்து விழுகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாள். சேவூரிலிருந்து வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். மச்சானின் சொந்தக் கார், மச்சான்தான் ஓட்டுகிறார். கண்ணமங்கலம் தாண்டி எதிரே வந்த லாரியோடு மோதல். பின்சீட்டில் இருந்த நெசவாளருக்குத் தொடை எலும்பு முறிகிறது. அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. இரண்டு ஓட்டுநர்களில் யார் மேல் தப்பு என்று எத்தனை நாள் வாதாடினாலும் அவர் மேல் தப்பு வராது. சட்டத்தின் கண்ணில் அந்தக் காரில் இருந்தவர்களிலேயே வலுவான நிலையில் இருப்பவர் அவர்தான். ஆனால் நான் பார்த்த வரையில், கடைசியில் பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் அவர்தான்.

காரணம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை என்று இளம் வழக்கறிஞர்கள் சொல்வார்கள். ஓட்டைகள் உண்டு, பிறகு அவற்றுக்கு வருகிறேன். முதல் காரணம் உறவு. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். மச்சான் மேல் போலீஸ் கேஸ் வந்துவிடக் கூடாது என்ற பதைப்பில், "வண்டியிலிருந்து கீழே விழுந்துட்டாருங்க" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். பணியில் இருக்கும் டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். நாம் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அந்தத் தாள்தான். வாரம் கழித்து, பில் ஏறிய பிறகு, உண்மையைச் சொல்லி எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது ஏ.ஆர். காப்பியைத்தான். முதல் மணி நேரத்தில் சொன்னதை நம்புவதா, ஒரு வாரம் யோசித்துச் சொன்னதை நம்புவதா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததே இல்லை.

மச்சானைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். ஓட்டியவர் மேல் குற்ற வழக்கு வரும், அதை மறைத்துப் பேச மாட்டேன். இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளில் பதிவாகும். இவை ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். இழப்பீட்டு வழக்கு வேறு தடத்தில் ஓடுகிறது. அதில் கார் உரிமையாளர் பெயருக்கு முதல் எதிர்மனுதாரர், பணத்தைக் கட்டப் போவது இரண்டாம் எதிர்மனுதாரரான இன்சூரன்ஸ் கம்பெனி. உரிமையாளர் வருடா வருடம் பிரீமியம் கட்டியதே இந்த நாளுக்காகத்தான். அவருடைய நோ கிளெய்ம் போனஸ்கூட வண்டியின் சொந்தச் சேதத்தைச் சேர்ந்தது, பயணிக்குக் கொடுத்த இழப்பீட்டால் அது போய்விடாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தால் மட்டும் கதை மாறும். கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று உத்தரவு வரும். அப்போது சுமை உறவின் தலையில்தான் விழும். லைசென்ஸும் பாலிசியும் சரியாக இருக்கிற வீட்டில், "அவர்மேலயே கேஸ் போட்டா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டு, கடனை நெசவாளர் தலையில் ஏற்றுவதில் நியாயம் இல்லை. நல்ல மச்சான்கள் தாங்களே ஆர்.சி., பாலிசி நகல்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் வழக்கு முடிந்த பிறகும் சம்பந்தம் நிலைத்திருக்கிறது.

இனி முதல் நாட்களின் பணம். அடிபட்டு வந்தவரைத் தொடாமல் எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதை 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிர், பிறகு சம்பிரதாயம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியே கிடையாது. ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. 48 மணி நேரம் முடிந்த பிறகு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் அட்டையை விபத்துக்குப் பிறகு தேடாதீர்கள்.

மத்திய அரசுக்கும் இது போன்ற ஒரு திட்டம் உண்டு. அதன் பின்னால் ஒரு கோயம்புத்தூர் டாக்டர் இருக்கிறார். எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த ஒரே வழக்கிலிருந்து எத்தனையோ உத்தரவுகள் பிறந்தன. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றானது அவற்றில் ஒன்று. 2025 ஜனவரி 8 அன்று அதே வழக்கில், விபத்துக்குப் பிந்தைய பொன்னான மணி நேரத்துக்கான கட்டணமில்லாத சிகிச்சைத் திட்டத்தைக் காலதாமதம் இல்லாமல் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019இலேயே நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியதை அரசு நடைமுறைப்படுத்தாமல் இருந்தது. 2025 மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய்க்குள் சிகிச்சை. எலும்பு முறிவுக்கு நாள்தோறும் அறுவை செய்த ஒருவர் ஆபரேஷன் தியேட்டரோடு நின்றுவிடாமல் நீதிமன்றப் படியேறினாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

இலவசமாகச் சிகிச்சை பெற்றுவிட்டால் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று ஒரு தவறான நம்பிக்கை இங்கே பரவியிருக்கிறது. நீங்கள் கட்டாத பில்லைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். வருமான இழப்பு, வலி, ஊனம், வண்டிச் செலவு, துணைக்கு இருந்தவரின் செலவு எல்லாம் அப்படியே நிற்கின்றன.

இனி மீதிப் பணம் யார் பொறுப்பு? இங்கேதான் நம்பர் பிளேட்டின் நிறம் முக்கியமாகிறது. மஞ்சள் பிளேட் போட்ட டி போர்டு வண்டியில் வாடகை கொடுத்துப் போகும் பயணிக்கு, குறைந்தபட்சச் சட்டப் பாலிசியே காப்பு அளிக்கிறது. வெள்ளை பிளேட் போட்ட ஓன் போர்டு காரில் நிலைமை வேறு. தர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த காரில் உட்கார்ந்து வந்தவரை மூன்றாம் நபராக ஏற்க முடியாது என்று கம்பெனிகள் வாதாடின. உச்ச நீதிமன்றமும் 2006இல் திலக் சிங் வழக்கில் அதை ஏற்றது. பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் காரில் இருப்பவரும், இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தவரும் அதில் அடங்குவார்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பர் 16 அன்று எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2012 நவம்பரில் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காரில் ஏறும்போது பாலிசியைக் கேட்டுப் பார்த்தா ஏற முடியும்? முடியாது. ஆனால் கல்யாணத்துக்கு நான்கு கார் ஏற்பாடு செய்கிற பெரியவர் கேட்கலாம். சில நூறு ரூபாய் மிச்சம் என்று ஓன் போர்டு காரை வாடகைக்குப் பிடிக்கும் பழக்கத்தை அவர் நிறுத்தலாம். வாடகைக்கு ஓட்டியதே பாலிசி மீறல் என்று கம்பெனி சொல்லும்போது, "நாங்க வாடகை கொடுக்கலைங்க" என்று பொய் சாட்சி சொல்லச் சொல்லும் தரகர்கள் உண்டு. அந்தப் பாதையில் யாரையும் நான் அனுப்பியதில்லை. பொய் சிக்கினால் உண்மையான எலும்பு முறிவும் பொய்யாகிவிடும்.

இந்த அநீதியை உரக்கச் சொன்ன நீதிபதி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தார். காரில் பயணம் செய்து இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்கு ஈரோடு தீர்ப்பாயம் 14 லட்சத்துக்கும் மேல் இழப்பீடு கொடுத்தது. கார் தர்ட் பார்ட்டி பாலிசியில் மட்டும் இருந்ததால், 2021 ஆகஸ்டில் நீதிபதி எஸ். வைத்தியநாதன் சட்டப்படி அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கூடவே, செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய வண்டிக்கும் ஓட்டுநர், உரிமையாளர், பயணி எல்லோரையும் சேர்த்து ஐந்து ஆண்டு முழுக் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டார். கம்பெனிகளும் ஆணையமும் நடைமுறைச் சிக்கலைச் சொன்னதால் அந்த உத்தரவு செப்டம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டது. கட்டாயக் காப்பீடு நம் நாட்டில் 1946இல் நடைமுறைக்கு வந்தது. வண்டிக்கு வெளியே நடந்து போகிறவரைக் காக்கிற அந்தப் பாலிசி, உள்ளே உட்கார்ந்திருக்கிற மைத்துனரையும் மாமியாரையும் இன்னும் வெளியே நிறுத்துகிறது. நாடாளுமன்றம்தான் இதைத் திருத்த முடியும், திருத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் சேவூர்க்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது. மோதியவை இரண்டு வண்டிகள். மச்சான் காரில் பேக்கேஜ் பாலிசி இல்லாவிட்டாலும், லாரி ஓட்டுநர் மேலும் தப்பு இருந்தால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கலாம். அந்தக் கம்பெனிக்கு அவர் வெளியாள்தானே. இரண்டு பேர் தவறால் அடிபட்ட பயணி, யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுவதையும் பெறலாம், அவர்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும் என்று 2015இல் கெனேயி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "கார்க்காரர் பங்கு பாதி, பாதிதான் தருவோம்" என்று சமரசம் பேச வருகிறவர்களிடம் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

லோடு வண்டி பற்றி ஒரு வார்த்தை. குட்டி யானையின் பின்பக்கத்தில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காப்பு இல்லை. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் அது முடிவான விஷயம். ஆனால் தன் சேலைக் கட்டையோ பாவையோ ஏற்றிக்கொண்டு கூடவே போகிறவர் சரக்கின் உரிமையாளர். 1994 திருத்தம் அவரையும், அவர் அனுப்பிய ஆளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் சரக்கின் மேல் உட்கார்ந்து போகக் கூடாது, கேபினில் இருக்க வேண்டும். அரசு பஸ்ஸைப் பொறுத்தவரை, போக்குவரத்துக் கழகத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, கழகமே கட்ட வேண்டும். தாமதம் ஆவதும் நீதிமன்ற அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதும் நீங்கள் பத்திரிகையில் படிப்பதுதான். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியென்றால் 2022 ஏப்ரல் முதல் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் அரசுத் திட்டத்தில் வரும். வங்கியில் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தை நம்பிப் பலர் வருகிறார்கள். அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். ஆஸ்பத்திரி பில்லுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

பில்களைப் பற்றி அவசரமாகச் சொல்கிறேன். மருந்துக் கடை பில்லில் நோயாளியின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு அது பொருந்த வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்யாதீர்கள், நீதிமன்றம் அதில் குறியீடு போட வேண்டியிருக்கும். சொந்த மெடிக்ளெய்ம் இருந்து அசலை அங்கே கொடுத்துவிட்டால், சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். அடுக்கம்பாறைக்கும் வேலூருக்கும் மறுபரிசோதனைக்குப் போன ஆட்டோச் செலவும், சத்துணவுச் செலவும்கூடக் கேட்கக்கூடியவை.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். நெசவாளரின் கால். மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்து, முழங்கால் மடங்குவது குறைந்திருக்கிறது, ஊனம் 25 சதவீதம் என்று எழுதுகிறது என்று வையுங்கள். நம் மாநிலத் தீர்ப்பாயங்களில் சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்று பெருக்கி முடிக்கிற பழக்கம் உண்டு. ஒரு குமாஸ்தாவுக்கு அது போதுமானதாக இருக்கலாம். குழித்தறியில் உட்கார்கிறவருக்கு? குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அமுக்க வேண்டும். நாள் முழுக்க அமுக்க வேண்டும். ஜக்கார்டு இருந்தால் மிதியின் கனம் இன்னும் கூடும். முழங்கால் மடங்காதவர் குழியில் இறங்கவே முடியாது. காகிதத்தில் கால்வாசி ஊனம், தறியில் முழு ஊனம். 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. கை போன தச்சரும் கை போன அலுவலகக்காரரும் ஒரே இழப்பைச் சந்திப்பதில்லை, உடலின் ஊனத்தை அளந்துவிட்டு அந்த மனிதரின் தொழிலில் அது என்ன செய்கிறது என்று தனியாக அளக்க வேண்டும் என்றது. ஆனால் தறியைப் பார்த்திராத நீதிபதிக்கு அதை யார் காட்டுவது? நான் மிதிக்கட்டையின் படத்தைத் தாக்கல் செய்திருக்கிறேன். கூட நெய்கிறவரைச் சாட்சியாக ஏற்றி, ஒரு சேலைக்கு எத்தனை நாள், காலுக்கு என்ன வேலை என்று சொல்ல வைத்திருக்கிறேன். அப்படிச் செய்த வழக்குகளில் தொகை மாறியது.

வருமானத்துக்கு ஆதாரம் இன்னொரு சிக்கல். கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குப் பாஸ்புக் உண்டு. தனியாரிடம் கூலிக்கு நெய்கிறவருக்குப் பாவு கணக்கு எழுதிய சின்ன நோட்டுதான் ஆதாரம், அதுவும் சில சமயம் முதலாளி வீட்டிலேயே இருக்கும். கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் குறைந்தபட்சம் தொழில் நிரூபணமாகும். ராட்டை சுற்றுகிற, நூல் பிணைக்கிற மனைவிக்கு அதுவும் இல்லை. அவர் அடிபட்டால் 'வீட்டு வேலை' என்று மனுவில் எழுதுகிறார்கள். வீட்டு வேலைக்கும் வருமானம் கணிக்க வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆறுதல்தான். ஆனால் அவர் இரண்டு வேலை செய்கிறார். இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

வழக்குப் போடத் தயங்குகிறவர்கள் நாள் கடத்துவார்கள். இதில் கடத்தக் கூடாது. 1994இல் எடுத்துவிட்ட காலவரம்பை 2019 திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். விபத்து எங்கே நடந்தாலும், நீங்கள் குடியிருக்கிற ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டவரும் ஆரணியிலேயே வழக்கை நடத்தலாம். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுகிற வழக்கறிஞரிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவரிடமும் விலகி நில்லுங்கள். இலவசச் சட்ட உதவிக் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடமும் சங்க நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஊரில் நெய்கிற ஒவ்வொருவருக்கும், சங்கத்தில் இருந்தாலும் தனியாரிடம் இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை அவர் நெய்த சேலைகளையும் பெற்ற கூலியையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு சான்று கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. தனியார் முதலாளிகள் தயங்குவார்கள். கூலியை ஒப்புக்கொண்டால் வேறு பொறுப்புகள் வந்து சேரும் என்ற அவர்களுடைய பயத்தை நான் அறிவேன். அதனால்தான் ஒரு தனி நெசவாளர் கேட்டுப் பெற முடியாததை, மதிப்புள்ள ஓர் அமைப்பு கேட்க வேண்டும் என்கிறேன். சான்றின் வாசகத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தருகிறேன்.